கூழாங்கல்லின் சாட்சியம்

கோபிசெட்டிபாளையத்தை அடுத்த ஒரு சிற்றூரில், பவானி ஆற்றங்கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில், நம் பங்கைச் சேர்ந்த குடும்பம் ஒன்று வீடு கட்டக் கடைக்கால் தோண்டிக்கொண்டிருந்தது. அடிக்கல்லை மந்திரிப்பதற்காக நம்மை அழைத்திருந்தார்கள். இடுப்பளவு ஆழத்தில், செம்மண்ணுக்குக் கீழே, கூழாங்கற்கள் ஒரு படுகையாகக் கிடந்தன. சில புளியங்கொட்டை அளவு, சில கோழிமுட்டை அளவு; எதிலும் ஒரு கூர்முனை இல்லை. வீட்டுப் பெரியவர் ஒன்றை எடுத்து வேட்டியில் துடைத்துப் பார்த்தார். "ஒரு காலத்துல ஆறு இங்க ஓடியிருக்குதுங்க சாமி" என்றார்.

அவர் பாட்டனார் காலத்தில் அங்கே ஆறு இல்லை. ஊரார் சொல்லும் பழங்கதைகளிலும் இல்லை. ஓடியதைக் கண்டவர் எவருமில்லாத ஓர் ஆற்றைப் பற்றி அவர் சொன்ன அந்தச் சொல்லை, கூடியிருந்த கொத்தனார் முதல் குழந்தைகள் வரை ஒருவரும் மறுக்கவில்லை. நாமும் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் நம்மை அறிவுள்ளவர் என்று எவரும் கருதியிருக்கமாட்டார்கள்.

ஏறக்குறைய அதே சொல்லை, அதே காரணத்தைக் காட்டி, அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் அறிவியலார் 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் செவ்வாய்க் கோளைப் பற்றிச் சொன்னார்கள். அவ்வாண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் கேல் என்னும் பெரும் பள்ளத்தில் 'கியூரியாசிட்டி' என்னும் ஊர்தி இறங்கியது. அது அனுப்பிய படங்களில், பெயர்ந்து சாய்ந்து நிற்கும் நடைபாதைத் தளம் போன்ற ஒரு பாறை இருந்தது. அருகில் சென்று பார்த்தால் அது மணலும் கூழாங்கல்லும் சேர்ந்து இறுகிய பாறை. நம் வீட்டுக் கூரைக்குப் போடும் கான்கிரீட்டைப் போன்றது. அதில் பதிந்திருந்த கற்கள் முனை மழுங்கி உருண்டிருந்தன. காற்று மணலை வாரிக்கொண்டு போகும். அந்த அளவுக் கல்லை உருட்டிக்கொண்டு போகாது. கல்லோடு கல் மோதி, மோதிய இடமெல்லாம் தேய்ந்து, இப்படி வழுவழுப்பாவதற்கு ஓடும் நீர் வேண்டும். அது விநாடிக்கு ஏறத்தாழ மூன்றடி வேகத்தில், கணுக்கால் அளவுக்கும் இடுப்பளவுக்கும் இடைப்பட்ட ஆழத்தில் ஓடியிருக்க வேண்டும் என்றும் அவர்கள் கணித்தார்கள்.

இன்று செவ்வாயில் ஒரு குடம் நீரைக் கொட்டினால் அது நீராக நிலைத்து நிற்காது. அங்குள்ள காற்றின் அழுத்தம் நம் பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் முந்நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னே அங்கே ஒருவன் முழந்தாளளவு நீரில் இறங்கி நடந்திருக்கலாம் என்று சொல்கிறோம். நடக்க அங்கே ஒருவனும் இல்லை. மனிதக் கண் ஒன்றும் காணாத ஓர் ஆற்றின் ஆழத்தை, உடைந்த ஒரு கல்லைப் பார்த்து அளந்து சொல்லும் துணிவு நமக்கு எங்கிருந்து வந்தது? அது துணிவா, துணிச்சலா?

இக்கேள்வி தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலையின் 27-ஆம் காதையில் வஞ்சி மாநகரத்துச் சமயவாதிகள் தத்தம் கொள்கைகளை எடுத்துரைக்கிறார்கள். (அந்த வஞ்சி நம் கருவூர்தானா, மேற்கே மலைநாட்டு ஊரா என்ற பழைய வழக்கில் நாம் இறங்கவில்லை, கொங்கு நாட்டார் தீர்ப்பு இன்னதென்று சொல்லவும் வேண்டியதில்லை.) அவர்களுள் முதலில் பேசும் அளவைவாதி, கண்ணால் காணாததைக் கருதி அறிவதை மூன்றாகப் பகுக்கிறான். கார்மேகத்தைக் கண்டு மழை வரும் என்பது ஒன்று. ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்திருக்கிறது என்று உறுதிகொள்வது இன்னொன்று. இரண்டாவதற்கு 'எச்சம்' என்று பெயர். விளைவு எஞ்சி நிற்கிறது. அதனைப் பற்றிக்கொண்டு காரணத்துக்குப் போகிறோம். செவ்வாயின் கூழாங்கல் இந்த எச்சத்துக்கு மிகத் தூரத்து எடுத்துக்காட்டு, அவ்வளவே.

ஆனால் இதே எடுத்துக்காட்டுக்கு வடமொழித் தருக்க நூலான நியாய சூத்திரம் ஒரு தடையைத் தானே எழுப்புகிறது. வெள்ளம் மழையால்தான் வரவேண்டுமா? எங்கேனும் நீரைத் தடுத்து நிறுத்தியதாலும் வரலாமே? இத்தடையின் உண்மையை நம் ஊராருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. வானம் பளிச்சென்றிருக்கும். கொடிவேரியில் குளிக்க வந்தவர்களைக் காவலர்கள் கரையேற்றிக்கொண்டிருப்பார்கள். சற்று நேரத்தில் ஆறு செந்நிறமாகப் பொங்கிவரும். சத்தியிலும் மழையில்லை, கோபியிலும் மழையில்லை. 1955-இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணை நிரம்பி, உபரி நீரைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். ஆற்றை மட்டும் பார்த்து, இன்று மேலே நல்ல மழை என்று சொல்பவன் ஏமாந்து போவான். என்றோ பெய்ததை யாரோ தேக்கிவைத்து இன்று விடுகிறார்கள்.

தடைக்கு நூலார் தரும் விடை ஆழமானது. வெறும் நீர்ப்பெருக்கைக் கண்டு நாம் சொல்லவில்லை என்கிறார்கள். நீரின் விரைவைப் பார், நுரையைப் பார், அது அடித்துக்கொண்டு வரும் இலையையும் பழத்தையும் கட்டையையும் பார். இவையெல்லாம் ஒருங்கே கூடும்போதுதான் சொல்கிறோம். அனுமானம் பொய்க்கவில்லை; சரியாகப் பாராதவன்தான் பிழை செய்கிறான் என்பது அவர்கள் முடிவு.

கர்தினால் நியூமன் 1870-ஆம் ஆண்டு வெளியிட்ட தமது பெருநூலில், வேறொரு வழியாக வந்து, இதற்கு அருகில் நிற்கிறார். தனித்தனியே முழு நிரூபணமாகாத பல குறிகள் ஒரே திசையைக் காட்டும்போது மனம் உறுதிகொள்வது முறையானதே என்பது அவர் வாதம். ஒரு மடலில் இதற்குப் பல புரிகள் சேர்ந்த வடத்தை உவமை காட்டினார். ஒற்றைப் புரியால் தேர் நகராது, வடத்தால் நகரும். 2019-ஆம் ஆண்டு திருச்சபை இவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தியபோது, இறையியல் மாணவராய் அவர் நூலோடு மல்லுக்கட்டி இரவுகளைக் கழித்த நம் போன்றோர் சற்றே நிம்மதியடைந்தோம்.

புரிகள் எவ்வாறு சேர்கின்றன என்பதைச் செவ்வாயிலேயே காணலாம். 2021 பிப்ரவரி 18 அன்று 'பெர்சிவியரன்ஸ்' என்னும் ஊர்தி ஜெசெரோ பள்ளத்தில் இறங்கியது. ஏறத்தாழ 45 கிலோமீட்டர் அகலமுள்ள அப்பள்ளத்தின் ஓரத்தில் விசிறி போல் விரிந்த ஒரு மேடு உண்டு. மேலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து, இது ஓர் ஆறு ஏரியில் கலக்குமிடத்தில் கொட்டிய வண்டலாக இருக்கலாம் என்று முன்னரே சொல்லியிருந்தார்கள். நம் தஞ்சைத் தரணியும் காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல்தானே! ஊர்தி தரையிலிருந்து ஒரு குன்றின் செங்குத்தான பக்கத்தைப் படமெடுத்தது. அடியில் படிந்த அடுக்குகள் படுத்திருந்தன. நடுவில் உள்ளவை சரிந்திருந்தன. அவற்றின்மேல் மீண்டும் படுத்த அடுக்குகள். ஓடிவரும் நீர் நிற்கும் நீரில் நுழையும்போது மணல் விழும் ஒழுங்கு அது. அந்த அடுக்குகளுக்கு மேலே பெரும் பாறைகள் கிடந்தன. அமைதியான ஆறு அவற்றைச் சுமக்காது. ஆகவே பிற்காலத்தில் அங்கே பெருவெள்ளங்களும் வந்தன என்று முடிவு செய்து 2021 அக்டோபரில் வெளியிட்டார்கள். கல்லின் வடிவம், அடுக்கின் சரிவு, பாறையின் எடை என்று தனித்தனிச் சாட்சிகள் ஒரே சொல்லைச் சொல்லின.

இவ்வளவு கவனம் எளிதில் வந்துவிடவில்லை. இதே செவ்வாயில் நீர் தேடிய கதையில் ஒரு பெரிய இடறல் உண்டு. உரோமையில் வானாய்வு செய்த இயேசு சபைக் குரு ஆஞ்சலோ செக்கி, 1858-இல் செவ்வாயை வரைந்தபோது அங்குள்ள ஒரு கரும்பகுதிக்கு 'கனாலே' என்று பெயரிட்டார். 1877-இல் மிலான் நகரத்து ஸ்கியாபரெல்லி அதே சொல்லைப் பல கோடுகளுக்கு வழங்கினார். இத்தாலிய மொழியில் அச்சொல் இயற்கையான நீர்த்தடத்தையும் குறிக்கும், வெட்டிய கால்வாயையும் குறிக்கும். ஆங்கிலத்தில் அது கால்வாய் ஆனது. அவ்வளவுதான், அரிசோனாவில் 1894-இல் வானாய்வுக்கூடம் அமைத்த பெர்சிவல் லோவெல் என்பவர், வறண்டுவரும் உலகில் வாழும் அறிவுள்ள ஓர் இனம் துருவத்துப் பனிநீரைக் கொண்டுவரக் கால்வாய்கள் வெட்டியிருக்கிறது என்று நூல்களே எழுதிவிட்டார். ஓடை, பள்ளம், வாய்க்கால் என்று பிரித்துப் பேசும் நம் உழவர் எவரேனும் அருகிலிருந்திருந்தால் எச்சரித்திருப்பார். வாய்க்கால் என்ற சொல்லை வாயில் வைத்தவுடனே அதை வெட்டியவன் ஒருவன் வந்துவிடுகிறான். காளிங்கராயன் இல்லாமல் காளிங்கராயன் வாய்க்கால் இல்லை. 1965-இல் 'மாரினர் 4' அருகில் சென்று படமெடுத்தபோது கால்வாய் ஒன்றையும் காணோம். தெளிவற்ற புள்ளிகளைக் கோடாக இணைத்தது பார்த்தவர்களின் கண். பின்னர் 'மாரினர் 9' 1971 நவம்பரில் செவ்வாயை அடைந்து, அங்கு வீசிய பெரும் புழுதிப்புயல் அடங்கிய பின் எடுத்த படங்களில்தான் உண்மையான வறண்ட ஆற்றுத்தடங்கள் தெரிந்தன. அவை லோவெல் கோடு போட்ட இடங்களில் இல்லை.

இந்த இடறல் பயனற்றுப் போகவில்லை என்றே தோன்றுகிறது. ஜெசெரோவுக்கு நீர் கொண்டுவந்த பழைய ஆற்றுப் பள்ளத்தாக்கில், 2024 ஜூலையில் ஒரு பாறையைத் துளையிட்டு மாதிரி எடுத்தார்கள். அதில் சிறுத்தையின் உடற்புள்ளி போன்ற புள்ளிகள் இருந்தன. நம் பூமியில் இத்தகைய புள்ளிகள் நுண்ணுயிர்களால் உண்டாவதுண்டு. 2025 செப்டம்பரில் அதைப் பற்றி அறிவித்தபோது அவர்கள் சொன்னது, உயிரின் அடையாளமாக இருக்கக்கூடும் என்பதே; உயிரில்லாமலும் வேதிவினையால் இவை தோன்ற வழியுண்டா என்று இன்னும் பார்க்கவேண்டும் என்றார்கள். நீர் ஓடியது என்று உறுதியாகச் சொன்ன வாய், உயிர் இருந்தது என்று சொல்லத் தயங்கி நின்றது. அந்தத் தயக்கத்தை நாம் ஓர் அறநெறிப் பண்பாகவே மதிக்கிறோம். கல் சொன்ன அளவுக்கு ஒப்புக்கொள்வதும், அது சொல்லாததை அதன் வாயில் திணிக்காமல் இருப்பதும் நீதியின்பாற்படும்.

நம் விசுவாசத்துக்கும் இதில் பங்குண்டு. காணப்படும் படைப்பிலிருந்து காணப்படாத இறைவனுக்கு மனித அறிவு ஏறிச் செல்லக்கூடும் என்பது புனித பவுலின் போதனை. புனித தோமா அக்வினாஸ் தமது இறையியல் தொகுப்பின் தொடக்கத்திலேயே, விளைவிலிருந்து காரணத்துக்குச் செல்லும் வழியை ஏற்றுக்கொண்டு, அதற்கு ஓர் எல்லையையும் குறித்துவிடுகிறார். விளைவு காரணத்துக்கு ஈடாக இல்லாதபோது, காரணம் உண்டு என்று அறியலாம். அது எத்தகையது என்பதை முழுமையாக அறிய இயலாது. நியூமனின் நூல் வந்த அதே 1870-இல் முதலாம் வத்திக்கான் சங்கமும் இவ்விரண்டையும் சேர்த்தே சொல்லிற்று: படைக்கப்பட்டவற்றிலிருந்து இறைவனை அறிவின் இயல்பான ஒளியால் உறுதியாக அறியலாம், ஆயினும் அவர் தம்மைத் தாமே வெளிப்படுத்தத் திருவுளமானார். தடயத்தால் அவர் இருக்கிறார் என்று அறிகிறோம். அவர் யார் என்பதை அவரே பேசி நாம் கேட்கவேண்டியிருந்தது. ஆதலின்தான் விசுவாசம் கேள்வியால் வருகிறது என்று அதே பவுல் எழுதினார். ஆளாக இருப்பவரைத் தடயத்தைக் கொண்டு மட்டும் அறிந்துவிட முடியாது.

இதை இறைவனைப் பற்றி ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கமில்லை. அடுத்த வீட்டுக்காரரைப் பற்றி ஒப்புக்கொள்வதில்தான் நாம் தடுமாறுகிறோம். யாக்கோபின் முன் அவர் மக்கள் இரத்தம் தோய்ந்த அங்கியை விரித்தார்கள். தடயம் கண்ணெதிரே இருந்தது; கொடிய விலங்கு மகனைக் கொன்றுவிட்டது என்று தந்தை தாமே முடிவு செய்துகொண்டார். நீங்கள் எங்கே இருந்தீர்கள், இது எந்த இடத்தில் கிடந்தது என்று அவர் கேட்டதாகத் தொடக்க நூல் கூறவில்லை. சூசன்னாவின் வழக்கில் இளைஞர் தானியேல் செய்ததெல்லாம், இரு முதியோரையும் தனித்தனியே நிறுத்தி எந்த மரம் என்று கேட்டது மட்டுமே.

இனி நம் கதை. பல ஆண்டுகளுக்கு முன் நாம் பொறுப்பேற்றிருந்த ஒரு பங்கில் திருவிழா முடிந்து காணிக்கைக் கணக்கைப் பார்த்தபோது ஒன்பதாயிரம் ரூபாய் குறைந்தது. உண்டியல் அறைக்குச் சாவி நம்மிடமும் கோவில்பிள்ளையிடமும் மட்டுமே இருந்தது. அந்த வாரத்திலேயே அவர் மளிகைக் கடையின் நெடுநாள் பாக்கியை ஒரே தவணையில் தீர்த்துவிட்டதாகக் காதில் விழுந்தது. அதற்கு முன் நம் முகம் பார்த்துப் பேசியவர், சில நாளாகத் தலைகுனிந்தே வந்துபோனதாகவும் நமக்குத் தோன்றிற்று. மூன்று குறிகள், ஒரே திசை. நியூமனைக் கற்றிருந்தோம் அல்லவா? வடம் திரிந்துவிட்டது என்று எண்ணினோம். ஏழையின் மானத்தைக் காப்பதாக நினைத்துக்கொண்டு, எவரிடமும் எதுவும் சொல்லாமல், "சாவிக்கொத்தைக் கொடுத்துவிடுங்கள், இனி நாமே பார்த்துக்கொள்கிறோம்" என்று மட்டும் சொன்னோம். அவர் கொடுத்துவிட்டுப் போனார். அந்த மௌனத்தை நான்காவது குறியாகச் சேர்த்துக்கொண்டோம். சில திங்களில் அவர் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார். மகன் அங்கே பனியன் கம்பெனியில் வேலை பார்த்துவந்தான். அதுவும் ஒரு குறியாயிற்று.

இரண்டாண்டு கழித்து நமக்கு மாற்றல் வந்தது. அடுத்து வரும் தந்தைக்கு ஒப்படைப்பதற்காகப் பதிவேடுகளை அடுக்கியபோது, திருமண ஓலைகள் எழுதும் ஏட்டுக்குள்ளிருந்து ஓர் உறை விழுந்தது. மேலே திருவிழா நாளின் தேதியும், ரூபாய் ஒன்பதாயிரம் என்றும் எழுதியிருந்தது. எழுத்து நம்முடையது. தேர் நிலைக்கு வந்த இரவில், களைப்பில், கைக்கெட்டிய இடத்தில் நாமே வைத்து மறந்தது.

மற்றவரைப் பற்றிப் போதிய ஆதாரமின்றி, வெளியே சொல்லாமல் மனத்துக்குள் மட்டும் குற்றவாளி என்று தீர்மானிப்பதும் எட்டாம் கட்டளைக்கு எதிரான பாவமே என்று திருச்சபையின் மறைக்கல்வி கற்பிக்கிறது. அதை மக்களுக்குப் பலமுறை போதித்தவர்கள் நாம். நம்மிடம் ஆதாரம் இருந்தது என்று வேண்டுமானால் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். மழையென்று எண்ணியது அணைநீராகப் போயிற்று. சரியாகப் பாராத பிழை, நியாய நூலார் எச்சரித்ததே. ஆனால் அந்தச் சமாதானம் நம் மனத்தில் தங்கவில்லை. இன்னும் கூர்மையாகப் பார்த்திருந்தால் போதும் என்பதா குற்றத்தின் தன்மை? செவ்வாயின் கல்லை எவரும் கேட்டுப் பார்க்க முடியாது. அதற்கு வாயில்லை, ஆகவே அதன் உருவத்தை அளக்கிறோம், அதுவே அதற்குச் செய்யும் மரியாதை. வாயுள்ள ஒருவர் நம் முன் நின்றார். அவரையும் நாம் கல்லைப் போலவே அளந்தோம். நம் முடிவு சரியாகவே அமைந்திருந்தாலும் அந்தத் தவறு தவறாகவே இருந்திருக்கும்.

புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மப் பயிற்சி நூலின் தொடக்கத்தில், அயலார் சொல்லுக்கு நல்ல பொருள் கொள்ள முயலவேண்டும் என்றும், இயலாவிட்டால் அவர் அதை எவ்வாறு கருதுகிறார் என்று அவரையே கேட்கவேண்டும் என்றும் விதிக்கிறார். குருமடத்தில் இதை மனப்பாடம் செய்தோம். தடயம் எதுவும் தேவைப்படாத இறைவன்கூட ஏதேன் தோட்டத்தில் ஆதாமை, எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். மரத்தின் கனி குறைந்திருந்ததை அவர் எண்ணிப் பார்த்திருக்கவேண்டியதில்லை. காயினிடமும் கேட்டார். பதில் தெரிந்தவர் ஏன் கேட்கவேண்டும் என்பது மறைக்கல்வி வகுப்பில் சிறுவர்கள் எப்போதும் எழுப்பும் ஐயம். அதற்கு நாம் சொல்லிவந்த விடைகள் இப்போது நமக்கு மெலிவாகத் தெரிகின்றன.

உறையை எடுத்துக்கொண்டு திருப்பூருக்குப் போனோம். லைன் வீடு ஒன்றில் இருந்தார்கள். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உறையைக் காட்டி, நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டோம். நெடுநேரம் உறையின் மேலிருந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாவியக் கேட்டீங்க, குடுத்துப்போட்டனுங்க" என்றார். "ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பனுங்க சாமி."

அவர் மனைவி உள்ளிருந்தபடியே, எருமையை விற்றுத்தான் கடைப் பாக்கியைக் கட்டினோம் என்றார். தலைகுனிந்து நடந்ததன் காரணம் அதுவாக இருக்கலாம் என்று நம் மனம் உடனே ஒரு முடிவுக்குத் தாவியது. நிறுத்திக்கொண்டு, எருமையை எந்தச் சந்தையில் விற்றீர்கள் என்று கேட்டோம். புளியம்பட்டிச் சந்தை என்றார். எவ்வளவுக்குப் போயிற்று, கன்று இருந்ததா, ஓட்டிப்போனவர் எந்த ஊர்க்காரர் என்று கேட்கக் கேட்க அவர் சொல்லிக்கொண்டே போனார். முதல் நாள் விலை படியாமல் இரவு முழுதும் சந்தையிலேயே படுத்திருந்ததைச் சொன்னார். கோபிக்குக் கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று அவர்தாம் நமக்கு நினைவூட்டினார்.